மஞ்சள் சட்டைக்காரரைப் பெண் பார்த்த ஞாயிற்றுக்கிழமை

இராஜபாளையம்
18.3.1997

அன்பு மகள் நூர்னிசாவுக்கு,

அம்மா மாஜிதா எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். இங்கே என் உடம்பு, ரத்த அழுத்தம், கிணற்றுத் தண்ணீர் மூன்றும் போன கடிதத்தில் இருந்த அளவிலேயே இருக்கின்றன. அங்கே உன் உடம்பும் படிப்பும் நன்றாக இருக்க ஐந்து வேளையும் துஆச் செய்கிறேன். குளிரைப் பற்றி துஆச் செய்வதில்லை. அது நீயாகத் தேடிப் போனது.

நோன்புப் பெருநாளுக்கு வருவதாக எழுதியிருந்தாய். கேசட் வந்தது. அமெரிக்காவில் மகன் வீட்டில் மூன்று மாதம் இருந்துவிட்டு வந்த தேவதானம் ஐயாதுரை கொண்டுவந்து கொடுத்தார். உன்னை நேரில் பார்த்த மனிதர் என்பதால் உட்காரவைத்துக் காப்பி கொடுத்து, மெலிந்திருக்கிறாளா என்று கேட்டேன். "கோட்டு போட்டிருந்துச்சு டீச்சர், அதனால தெரியல" என்றார். முகம் எப்படி என்றேன். "மப்ளர் கட்டியிருந்துச்சு" என்றார். நான்கு வருஷத்துக்குப் பிறகு கிடைத்த நேரடி சாட்சி இவ்வளவுதான். கேசட்டோடு நீ வைத்திருந்த சீட்டையும் படித்தேன். லீவு கிடைக்கவில்லை என்றும், சனி ஞாயிறுகளில் நண்பர்களோடு சேர்ந்து ஸ்னோபோர்டு படம் எடுக்கிறீர்கள் என்றும், குளிர்காலம் தொடங்குமுன் ரசிகர்கள் மண்டபத்தில் கூடி விசிலடித்து இதைப் பார்ப்பார்கள் என்றும் எழுதியிருந்தாய். கடைசியில், "இதில் நானும் இருக்கிறேன், கண்டுபிடியுங்கள் பார்ப்போம்" என்று ஒரு வரி. பெற்ற மகளைக் கண்டுபிடிக்கும் போட்டியில் கலந்துகொள்வேன் என்று நான் நினைத்ததே இல்லை. மாதம் ஒருமுறை வருகிற உன் போனில் மூன்று நிமிஷத்தில் இரண்டு நிமிஷம் "கேக்குதாம்மா", "கேக்குது" என்பதிலேயே போய்விடுவதால், போட்டிக்குச் சம்மதித்தேன்.

முதலில் உங்க அத்தா சவூதியிலிருந்து வரும்போது தூக்கி வந்த வீடியோ டெக்கில்தான் போட்டேன். அவர் மவுத்தான பிறகு அதைத் தொட்டதே இல்லை. தூசியைத் துடைத்துப் போட்டால், ஓடியது. கறுப்பு வெள்ளையில், கோடு கோடாக, படம் நிற்காமல் மேலே ஏறிக்கொண்டே இருந்தது. பனி என்றால் இப்படித்தான் இருக்கும்போல என்று பத்து நிமிஷம் மரியாதையாகப் பார்த்தேன். பிறகுதான் சந்தேகம் வந்து, பழைய பஸ் ஸ்டாண்டுப் பக்கம் வீடியோ கடை வைத்திருக்கிற அய்யூப்பிடம் கொண்டுபோனேன். "அமெரிக்காக் கேசட்டு நம்ம டெக்குல ஓடாது டீச்சர்க்கா, அது வேற சிஸ்டம். எல்லாச் சிஸ்டமும் ஓடுற டெக்கு எங்கிட்ட ஒண்ணு இருக்கு, ஞாயித்துக்கிழமை மத்தியானம் நானே தூக்கிட்டு வாரேன்" என்றான். அதோடு வாயை மூடிக்கொண்டு வந்திருக்க வேண்டும். என்ன படம் என்று கேட்டான். என் மகள் இதில் இருக்கிறாளாம் என்று சொன்னேன். மறுநாள் ஸ்ரீவில்லிபுத்தூர் பள்ளிக்கூடத்திலிருந்து பஸ்ஸில் திரும்பி வந்து இறங்கும்போது பார்க்கிறேன், கடை வாசலில் புதுப்பட வரவு எழுதுகிற சிலேட்டில், இரண்டு தமிழ்ப் படங்களுக்கு மேலே, சாக்பீஸில் பெரிதாக எழுதியிருக்கிறான்: "நமது டீச்சர் மகள் நடித்த ஆங்கிலப் படம்."

டெக் எடுத்த வீட்டில் கதவைச் சாத்தக்கூடாது என்பது நம் தெருவின் சட்டம், உனக்கே தெரியும். ஞாயிற்றுக்கிழமை இரண்டு மணிக்கெல்லாம் ஆட்கள் பாயோடு வந்துவிட்டார்கள். எதிர்வீட்டுச் சண்முகத்தாய் முறுக்குத் தூக்கோடு வந்தாள். மில்லில் முப்பது வருஷம் டைம் கீப்பராக இருந்து ரிட்டயரான சோணைமுத்து நாற்காலியையே தூக்கிக்கொண்டு வந்து டிவிக்கு நேர் முன்னே போட்டு, கையில் கடிகாரத்தோடு உட்கார்ந்தார். இதெல்லாம் பொறுத்துக்கொள்ளலாம். உங்க மாமி ஆயிஷா பீவி, உங்க அத்தாவோடு பிறந்தவள் என்பதற்காக இருபத்தெட்டு வருஷமாகப் பொறுத்துக்கொண்டிருக்கிறேனே, அவள் மம்சாபுரம் மளிகைக்கடை நைனா முகமதுவையும் அவர் வீட்டம்மாவையும் கூட்டிக்கொண்டு உள்ளே வந்தாள். யார் என்று கேட்டால், மாப்பிள்ளையைப் பெற்றவர்கள். எந்த மாப்பிள்ளை என்று கேட்டால், உனக்குத்தான். சமையலறைக்குள் இழுத்துப் போய்க் கேட்டேன்.

"இல்ல மதினி, பொண்ணு எப்ப வரும் எப்ப வரும்னு கேட்டுக் கேட்டு அவியளும் அலுத்துட்டாவ. பொண்ணு வராட்டி என்ன, படம் வந்திருக்குல்ல? பாத்துட்டுப் போகட்டும்."

"படத்தைப் பார்த்துப் பெண் பார்ப்பார்களா?"

"ஏன், நேர்ல பாத்தா மட்டும் என்ன தெரியுது? தலையைக் குனிஞ்சுக்கிட்டுல்ல உக்காந்திருக்கும். இதுல நடக்கறது, ஓடறது, எல்லாத்தையும் பாத்துக்கிடலாம். நீங்க ஒண்ணும் பேச வேண்டாம், ஒரு நல்ல சேலையைக் கட்டிக்கிட்டு வந்து நில்லுங்க, போதும்."

நான் சேலை மாற்றவில்லை. சமையலறை நிலையில் சாய்ந்து நின்றுகொண்டேன். அய்யூப் டெக்கை டிவிக்குக் கீழே ஸ்டூலில் வைத்தான். அதன் மேல்மூடியைக் கழற்றியேதான் வைத்திருப்பான். நடுவில் படம் மங்கினால் ஹெட்டைத் துடைக்க வசதியாம். இந்த மூடியை நினைவில் வைத்துக்கொள்.

படம் ஆரம்பித்தது. மலை. பனி. மேளம் மாதிரி ஒரு சங்கீதம், அதற்கு மேலே ஒருவன் யாரையோ திட்டிக்கொண்டே பாடுகிறான். உச்சியிலிருந்து ஒரு ஆள், இரண்டு காலையும் ஒரே பலகையில் கட்டிக்கொண்டு, குனிந்தபடி வருகிறான். பாறை விளிம்பு வந்ததும் நிற்பான் என்று பார்த்தால் நிற்கவில்லை. குதித்தான், காற்றில் இரண்டு சுற்றுச் சுற்றினான், கீழே வந்து, ஒன்றும் நடக்காதது போலப் போய்க்கொண்டே இருந்தான். இருபத்தாறு வருஷமாகப் பிள்ளைகளுக்கு உராய்வு நடத்துகிறேன். உராய்வு இல்லாவிட்டால் என்ன ஆகும் என்ற கேள்விக்கு இவ்வளவு பேர் விடை எழுத மலை ஏறுவார்கள் என்று தெரியாது. அடுத்து இன்னொரு ஆள், இன்னொரு பாறை. அதற்கடுத்து இன்னொரு ஆள். எல்லோருக்கும் தலைக்குத் தொப்பி, கண்ணுக்குப் பெரிய கண்ணாடி, மூக்குக்கும் வாய்க்கும் துணி. ஆணா பெண்ணா, கறுப்பா சிவப்பா, ஒன்றும் தெரியாது.

"எம்புட்டு பஞ்சு!" என்றாள் சண்முகத்தாய்.

"பஞ்சு இல்லட்டி, பனி" என்றார் சோணைமுத்து. "பஞ்சா இருந்தா நம்ம மில்லு மூணு ஷிப்டு ஓடும்லா. ஆமா டீச்சர், அங்க இவனுவளுக்கு வீட்டு வாசல்லயே பனி கெடக்குதாமே. அதை விட்டுட்டு உள்ள போயி உக்காந்து பனியைப் பாக்கானுவளாக்கும்?"

நாமும் வெயிலில் வரிசையில் நின்று, உள்ளே போய், வெயிலில் ஓடிப் பாடுகிறவர்களைத்தானே பார்க்கிறோம் என்றேன்.

"அதுல கதை இருக்குல்லா டீச்சர்? இதுல விழுறதுதான் கதையா? இதுக்கு நம்ம அய்யனார் கோவில் வழுக்குப் பாறையில ஒரு கேமராவை வச்சா ஞாயித்துக்கிழமை ஒரு நாளைக்கே நாலு படம் எடுக்கலாமே."

நைனா முகமது நல்ல மனிதர், சத்தம் போடாமல் பார்த்துக்கொண்டிருந்தார். கால் மணி நேரம் கழித்து, "வசனம் எப்பம் வரும்?" என்று மட்டும் கேட்டார். அவர் வீட்டம்மாவுக்கு அந்தப் பொறுமை இல்லை. "பொண்ணு இதுல எது?" என்று நேராகவே கேட்டுவிட்டார். வீடே என்னைத் திரும்பிப் பார்த்தது. எனக்கு எப்படித் தெரியும்? அதற்குள் உங்க மாமி, "அந்தா, மஞ்சச் சட்டை! நடையைப் பாருங்க, அப்படியே எங்கண்ணன் நடை" என்றாள். மஞ்சள் சட்டை அப்போது நடக்கவே இல்லை, தலைகீழாகப் பறந்துகொண்டிருந்தது. ஆனாலும் தெரு ஒத்துக்கொண்டது. ஆமா, தோள் அப்படியே அத்தா காதர் பாய் தோள்தான். ஆமா, அந்தக் குனிவு டீச்சர் மாதிரியேதான். அதன் பிறகு மஞ்சள் சட்டை வரும்போதெல்லாம் கைதட்டல். மற்ற நிறத்துக்காரர்கள் குதிக்கும்போது முறுக்கு. நைனா முகமது ஒருமுறை என் பக்கம் திரும்பி, "கல்யாணத்துக்குப் பொறவு இந்தப் பலகையை விட்டுருமா?" என்று மெதுவாகக் கேட்டார். "படிப்பு முடியட்டும்" என்று சொல்லிவைத்தேன். என்ன பதில் அது என்று எனக்கே விளங்கவில்லை. சொல்லப்போனால் நானும் அந்த மஞ்சள் சட்டையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். நம்பவில்லை. நம்பாமலே பார்த்துக்கொண்டிருந்தேன்.

இதற்கிடையில் இரண்டு மூன்று பேர் விழுந்திருந்தார்கள். ஊர்க் கண் பட்டுத்தான் விழுகிறார்கள் என்று சண்முகத்தாய் முடிவு கட்டி, என் சமையலறைக்குள் போய், கை நிறையக் கல்லுப்பும் ஐந்தாறு மிளகாய் வத்தலும் எடுத்துக்கொண்டு வந்து, டிவி பக்கத்தில் தயாராக நின்றுவிட்டாள். "நம்ம பிள்ளை வருதப்போ சொல்லுங்க, சுத்திப் போட்டுருதேன்." மஞ்சள் சட்டை மறுபடி வந்தது. இந்த முறை மலை செங்குத்தாக இருந்தது. சண்முகத்தாய் டிவியை ஒரு சுற்றுச் சுற்றினாள், "ஊரு கண்ணு, உறவு கண்ணு" என்றாள், இரண்டாவது சுற்றில் மஞ்சள் சட்டையின் பலகை எதிலோ இடறியது, ஆள் தூக்கி எறியப்பட்டு, பாறையில் மோதி, உருண்டு, உருண்டு, இன்னும் உருண்டு போகிறது, உங்க மாமி "யா அல்லா, எம் பிள்ளை!" என்று போட்ட சத்தத்தில் சண்முகத்தாயின் கை உதறி, உப்பு அத்தனையும் திறந்து கிடந்த டெக்குக்குள் விழுந்தது. அந்த இரைச்சலில் எனக்கு வேறென்னவோ காதில் விழுந்தது போலிருந்தது. டிவியில் படம் நின்றுவிட்டது. மஞ்சள் சட்டை தலைகீழாக, ஒரு கை மேலே தூக்கியபடி, ஆடாமல் அசையாமல் நின்றது.

அதற்குப் பிறகு நடந்தது மவுத் வீடுதான். உங்க மாமி மாரில் அடித்துக்கொள்கிறாள், சண்முகத்தாய் அவளைக் கட்டிப் பிடித்துக்கொண்டு, "எனக்கு உன்ன மாதிரி ஒரு மக இல்லியே" என்று ராகம் இழுக்க ஆரம்பித்துவிட்டாள், தெருவில் போகிறவர்கள் எல்லாம் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வருகிறார்கள், சோணைமுத்து கடிகாரத்தைப் பார்த்து "மூணு இருபத்தி ரெண்டு" என்று சொல்கிறார், நைனா முகமது எழுந்து நின்று தொப்பியைச் சரி செய்துகொண்டு என்னிடம் வந்து நிற்கிறார். "படம்தான் நின்றிருக்கிறது, படத்தை எடுத்து முடித்து, கேசட்டாக்கி, மூன்று மாதம் கழித்து ஐயாதுரை கையில் கொடுத்தனுப்பியிருக்கிறாள், அவள் நன்றாக இருக்கிறாள்" என்று நான் சொல்கிறேன், யார் கேட்கிறார்கள்? அய்யூப் ஒருத்தன்தான் உண்மையான துக்கத்தில் இருந்தான். "ஏக்கா, டெக்குக்குள்ளயா உப்பைப் போடுவாவ! இது என்ன மீனா?" என்று தலையில் அடித்துக்கொண்டு, கேசட்டைப் பிடித்து இழுத்தான். கேசட் வந்தது, நாடா வரவில்லை. கையை விட்டு இழுத்தால் இடியாப்பம் மாதிரி சுருண்டு சுருண்டு வந்தது. விழுந்த இடமும் அதற்குக் கொஞ்சம் முன்னும் பின்னும் போச்சு என்று சொல்லி, ஒரு முழ நீளத்துக்குக் கத்தரித்து வீசிவிட்டு, இரண்டு முனையையும் டேப்பால் ஒட்டி, டெக்கைக் கவிழ்த்து உப்பைத் தட்டி, ஊதி, மறுபடி போட்டான்.

மஞ்சள் சட்டை எழுந்து உட்கார்ந்திருந்தது. வீட்டில் அப்படி ஒரு நிம்மதிப் பெருமூச்சு. உங்க மாமி கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அல்ஹம்துலில்லாஹ், பாத்தீயளா எம் பிள்ளையை, சிரிக்கா" என்றாள். மஞ்சள் சட்டை தொப்பியைக் கழற்றியது. கண்ணாடியைக் கழற்றியது. வாய்த் துணியை இறக்கியது. மார்பு வரைக்கும் செம்பட்டைத் தாடி.

நைனா முகமதுவின் வீட்டம்மாதான் முதலில் பேசினார். "எங்க பையனுக்கே இம்புட்டுத் தாடி கிடையாது."

உங்க மாமி என்னை ஒரு பார்வை பார்த்தாள், தாடியை நான்தான் வளர்த்துவிட்டது போல. "இந்தத் தடியனுக்கா நான் மாரடிச்சு அழுதேன்?" என்று எழுந்து போனவள் இன்று வரைக்கும் இந்தப் பக்கம் வரவில்லை. மம்சாபுரத்துக்காரர்கள் காப்பி சாப்பிட்டுவிட்டு மரியாதையாகத்தான் போனார்கள். வாசல் வரைக்கும் போன நைனா முகமது திரும்பி வந்து, "பிள்ளை நல்லா இருக்கட்டும்மா. நேர்ல வந்தா ஒரு வார்த்தை சொல்லுங்க" என்றார். மற்றவர்கள், வந்ததற்கு நஷ்டமில்லாமல், அய்யூப்பை மிரட்டி ஒரு தமிழ்ப் படத்தைப் போடச் சொல்லி, அழுது சிரித்துப் பார்த்துவிட்டு விளக்கு வைக்கிற நேரத்துக்குப் போனார்கள். உன் படத்தின் மிச்சத்தை ஒருவரும் கேட்கவில்லை. நான் பாயைச் சுருட்டி, முறுக்குத் தூளையும் கல்லுப்பையும் கூட்டி அள்ளி, கதவைச் சாத்தினேன். எண்பது பேர் இருந்துவிட்டுப் போன வீட்டில் கடிகாரச் சத்தம் கொஞ்சம் கூடுதலாகக் கேட்கிறது. அது இரண்டொரு நாளில் சரியாகிவிடும். ராத்திரிச் சாப்பாட்டுக்கு அரிசி களையும்போது இரண்டு பேருக்கு அளந்துவிட்டேன், அதுவும் பழக்கம்தான், மறுநாள் டிபனுக்கு ஆயிற்று.

ஆகவே நூரு, உனக்குத் தெரிவிப்பது என்னவென்றால், படத்தில் உன்னைக் காணவில்லை. நானும் பெரிதாகத் தேடவில்லை. டெக்கை அன்றைக்கே திருப்பிக் கொடுத்தாயிற்று. இனிமேல் இப்படிக் கேசட் எதுவும் அனுப்பாதே. பார்க்கிற வயதும் இல்லை, தெருவுக்குத் தாங்குகிற நெஞ்சும் இல்லை. லீவு கிடைக்காததற்கு வருத்தப்படாதே. ஹஜ்ஜுப் பெருநாளுக்கும் சிரமப்பட்டு வர வேண்டாம். பள்ளிக்கூடத்தில் பரீட்சை நேரம், எனக்கும் வேலை இருக்கும். எனக்கு இங்கே ஒரு குறையும் இல்லை.

நேரத்துக்குச் சாப்பிடு. கோட்டுக்குள்ளே நீ எந்த அளவில் இருக்கிறாய் என்று அடுத்த கடிதத்தில் எழுது. அல்லாஹ் உன்னை எல்லா மலையிலிருந்தும் பத்திரமாக இறக்கிவிடுவானாக.

துஆவுடன்,
அம்மா
மாஜிதா

பி.கு. 20.3.97. இந்தக் கடிதத்தை ஒட்டாமல் இரண்டு நாள் வைத்திருந்தேன். டெக்கைத் திருப்பிக் கொடுத்தாயிற்று என்று எழுதிய வரியை அடித்துவிட்டுப் படி. உப்பு விழுந்த டெக்கை இனி எவன் வாடகைக்கு எடுப்பான் என்று அய்யூப் அதை இங்கேயே விட்டுவிட்டுப் போனான், நானும் வேண்டாம் என்று சொல்லவில்லை. அவன் வெட்டி வீசிய முழ நாடா, கூட்டும்போது என் கையில் கிடைத்தது. அதைத் துடைத்து நீவி, பாடப் புத்தகத்துக்கு நடுவில் வைத்து அழுத்தி, நேற்று அவன் கடைக்குக் கொண்டுபோய், வெட்டின இடத்திலேயே திரும்ப ஒட்டச் சொன்னேன். "சுருங்கின டேப்பு டீச்சர்க்கா, படம் வராது, இருக்கிற டெக்கும் போயிரும்" என்றான். போனால் போகட்டும் என்றேன். இன்று காலை, காரணம் எழுதாமல், பள்ளிக்கூடத்துக்கு லீவு போட்டேன். இருபத்தாறு வருஷத்தில் முதல் தடவை. அய்யூப் சொன்னது சரி, அந்த இடத்தில் படம் வரவில்லை, வெறும் கோடுதான். சத்தம் மட்டும் தெளிவாக வருகிறது. அந்தத் தாடிக்காரர் பாறையில் மோதும்போது, கேமராவுக்குப் பின்னாலிருந்து ஒரு குரல், "எம்மா!" என்று கத்துகிறது. ஞாயிற்றுக்கிழமை என் காதில் விழுந்தது அதுதான். நீ சின்னப் பிள்ளையாகக் கிணற்றுக்குள் எட்டிப் பார்த்துப் பயந்தபோது கூப்பிட்ட அதே குரல். போனில் கேட்கிற குரல் அது இல்லை. கடைசி வரைக்கும் ஓடவிட்டு, பெயர்கள் வருகிற இடத்தையும் படித்தேன். கேமரா என்ற வரியில் உன் பெயர் இருந்தது. அப்படியானால் அந்த மலை, அந்தப் பனி, தாடிக்காரர் எல்லாம் நீ பார்த்தது. படம் முழுக்க நீதான் இருக்கிறாய். எழுந்து போய் ஒரு டீ போட்டுக்கொண்டு வந்து மறுபடி முதலிலிருந்து பார்த்தேன். அந்த இடத்தை மட்டும் எத்தனை தடவை திருப்பிப் போட்டேன் என்று சொல்ல மாட்டேன். டெக் இன்னும் போகவில்லை.

ஆனால் ஒன்று. விழுந்தவர் அவர். கூப்பிட வேண்டியது அவரை. நீ கூப்பிட்டது என்னை.

கூப்பிட்டதால் கேட்கிறேன். எப்போது வருகிறாய்?